மூலிகை ஏற்றிய எலும்புச் சாரக்கட்டு: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரண்டை எலும்பை ஒட்டும், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சீன மருத்துவத்தில் எபிமீடியம் செடிக்கும் அதே மதிப்பு. அந்த நற்பெயரை அப்படியே ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து, “மூலிகை சேர்த்தோம், எலும்பு வளர்ந்தது” என்று முடித்துவிடும் ப்ராஜெக்ட் அறிக்கைகள் இப்போது நிறைய வருகின்றன. செடியின் பெயர் சாட்சி சொல்ல வராது. ஏற்றிய சேர்மம் எங்கே போனது, எவ்வளவு மிஞ்சியது, எலும்பை வளர்த்தது அதுதானா என்று படிக்குப் படி கேட்டாக வேண்டும்.

எலும்பில் இடைவெளி விழுந்த இடத்தில் பொருத்துவதற்காக, கால்சியம் பாஸ்பேட்டிலோ உடலில் கரையும் பாலிமரிலோ நுண்துளைகளோடு முப்பரிமாணத்தில் அச்சிடுவதுதான் சாரக்கட்டு. புது எலும்பும் ரத்தக் குழாய்களும் உள்ளே நுழைய துளைகள் 300 மைக்ரோமீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுஷ்மிதா போஸ் குழு இதில் மஞ்சளின் நிறச் சேர்மமான குர்குமினை ஏற்றிப் பார்த்திருக்கிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் சின் லிங் குழு எபிமீடியத்தில் உள்ள இகாரின் என்ற சேர்மத்தை ஏற்றியது.

முதல் தவறு சூட்டில் நடக்கிறது. ட்ரைகால்சியம் பாஸ்பேட் சாரக்கட்டை 1100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டெடுப்பார்கள். பொடியோடு மூலிகையைக் கலந்து சுட்டால் மிஞ்சுவது சாம்பல்தான். சுட்ட பிறகே ஏற்ற வேண்டும். பிஎல்ஏ என்ற பாலிமர் இழையை 200 டிகிரியை ஒட்டி அச்சிடுகிறோம். குர்குமின் உருகுவதோ ஏறக்குறைய 183 டிகிரியில். பிசிஎல் என்ற இன்னொரு பாலிமர் 60 டிகிரியில் உருகுமே என்று நிம்மதியடைய முடியாது. அச்சு இயந்திரத்தின் முனையான நாசிலை அதைவிட அதிகச் சூட்டில்தான் ஓட்டுகிறார்கள், கலவையும் சூடான உருளைக்குள் மணிக்கணக்கில் கிடக்கிறது. ஹாங்காங் குழு பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, உறைநிலைக்குக் கீழே உள்ள அறையில் அச்சிட்டு, பிறகு உறைய வைத்து உலர்த்தும் வழியைப் பிடித்தது. சேர்மம் தப்பிக்கும், ஆனால் கரைப்பானின் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். எந்த வழியானாலும், அச்சிட்ட துண்டு ஒன்றைக் கரைத்து சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஓட்டிப் பார்க்காமல் “இத்தனை மில்லிகிராம் ஏற்றினோம்” என்று எழுதாதீர்கள். துண்டு இன்னும் மஞ்சளாக இருப்பது கணக்காகாது.

அடுத்தது, சேர்மம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கும் வெளியீட்டுச் சோதனை. என் கணக்கில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். சாரக்கட்டை பாஸ்பேட் கரைசலில் போட்டு, நாள்தோறும் கொஞ்சம் எடுத்து அளந்து, வரைபடம் மெதுவாக ஏறுவதைப் பார்த்து “நீடித்த வெளியீடு” என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது எனலாம். கரைசல் தாங்கும் அளவுக்குக் கரைந்துவிட்டால் மேற்கொண்டு வெளியே வராது. அந்த மெதுவான ஏற்றம் சாரக்கட்டின் திறமையாக இருக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ரத்தச் சீரம் இல்லாத பாஸ்பேட் கரைசலில், 37 டிகிரியில், உடலை ஒத்த பிஎச்சில், அரைமணி நேரத்துக்குள் குர்குமினில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும் என்று 1997-லேயே காட்டிவிட்டார்கள். நாளுக்கொரு முறை அளப்பவர் கையில் கிடைப்பது, வெளியே வந்து அதற்குள் சிதையாமல் தப்பியது மட்டும். கரைசலில் கரையாததைக் கரைய வைக்கும் ட்வீன் 80 போன்ற ஒன்றைக் கொஞ்சம் சேருங்கள், அடிக்கடி மாற்றுங்கள், வெளிச்சம் படாமல் மூடுங்கள். சோதனை முடிந்ததும் மீதிச் சாரக்கட்டைக் கரைத்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். வந்தது, சிதைந்தது, உள்ளே நின்றது மூன்றையும் கூட்டினால் ஏற்றிய அளவு வர வேண்டும். கடைக்காரர் ராத்திரி கல்லாவைச் சரிபார்ப்பதைப் போன்ற வேலைதான், ஆனால் செய்பவர் குறைவு.

செல் சோதனைகளில் சாயமே ஏமாற்றும். எம்டிடி சோதனையில் உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். குர்குமினைப் போன்ற தாவரப் பாலிஃபீனால்கள் பல, சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் அந்த வேலையைச் செய்துவிடும். அலிசாரின் சிவப்பு கால்சியத்தைப் பிடிக்கும் சாயம். சாரக்கட்டே கால்சியம் பாஸ்பேட் என்றால் குழி செக்கச்செவேலென்று ஆகத்தானே செய்யும்? அந்தப் படத்தைப் போட்டு “கனிமப் படிவு அதிகரித்தது” என்று எழுதியிருப்பார்கள். செல் போடாத சாரக்கட்டு ஒன்று, மூலிகை ஏற்றாத சாரக்கட்டு ஒன்று, இரண்டும் எல்லாத் தட்டிலும் இருக்க வேண்டும். எலும்பை நுணுக்கமாகப் படமெடுக்கும் மைக்ரோ சிடி ஸ்கேனிலும் இதே தொல்லை: ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் இளம் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். திசுவைச் சீவிப் பார்க்காமல் புது எலும்பின் சதவீதத்தைச் சொல்வது துணிச்சல்.

மூலிகைதானே, கூடப் போட்டால் என்ன என்ற எண்ணமும் வேண்டாம். கொஞ்சமாக இருந்தால் எலும்புச் செல்லுக்குத் துணை நிற்கும் குர்குமின், செறிவு ஏறினால் அதே செல்லைக் கொல்லும். ஏற்றியதில் பெரும்பங்கு முதல் நாளிலேயே கொட்டிவிட்டால் ஆபத்து இரட்டிப்பு. அளவும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-2 புரதமே உதாரணம். முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்கு 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதியில்லாத கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது வீக்கம் வந்து மூச்சுவிடவே சிரமமானது. 2008-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது.

“பிரண்டை எத்தனால் எக்ஸ்ட்ராக்ட் 10 மில்லிகிராம்” என்று மட்டும் எழுதினால் வேறொருவர் அதைத் திரும்பச் செய்ய முடியாது. எந்த மாதம் பறித்தது, தண்டா முழுச் செடியா, தாவரவியலாளர் அடையாளம் பார்த்தாரா, அடையாளச் சேர்மம் ஒன்று எத்தனை சதவீதம் என்பதெல்லாம் வேண்டும். எபிமீடியத்திலும் பல இனங்கள் உண்டு. இகாரின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றல்ல.

எலியின் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டால் அது தானாகவே ஓரளவு மூடிக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் துளை பொதுவாக மூடாது என்பதால்தான் அந்த அளவை எடுக்கிறார்கள். அங்கே கிடைத்த வெற்றியை வைத்துத் தொடை எலும்பைப் பற்றிப் பேசக்கூடாது. மண்டையோடு உடல் எடையைச் சுமப்பதில்லை.

கிருமி நீக்கத்தைக் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் பிசிஎல் உருகி வழிந்துவிடும். காமாக் கதிர் பாலிமர் சங்கிலிகளை வெட்டும், சேர்மத்தையும் தொடலாம். எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் எச்ச வாயு வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் எச்பிஎல்சி, வெளியீடு, அழுத்த வலிமை மூன்றையும் கிருமி நீக்கிய துண்டில் எடுங்கள். விலங்குக்குள் போவது அந்தத் துண்டுதான்.