கையால் செய்த போன்சாய் தொட்டியில் தண்ணீர் தேங்கினால்

இன்னொரு ஓட்டை போடலாம் என்று டிரில்லை எடுப்பதற்கு முன், வெறும் தொட்டியைச் சோதித்துவிடுங்கள். மரத்தை எடுத்து, தொட்டியைக் கழுவி, ரசமட்டம் பார்த்த பலகையில் வைத்து, அடி முழுக்க நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் குளம் கட்டி நிற்கும் இடம்தான் பள்ளம். பெரும்பாலும் ஓட்டை மேட்டில் இருக்கும், தண்ணீர் பள்ளத்தில் நிற்கும். காயும்போதோ சூளையிலோ அடித்தட்டு நெளிந்ததால் வரும் கோளாறு இது.

ஓட்டையின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். ஈரமண்ணில் வெட்டியபோது பிதுங்கிய மண் அப்படியே சுட்டு இறுகியிருந்தால், 1 மி.மீ. வரப்பு கூட அணை போல நிற்கும். கார்போரண்டம் கல்லை (சாணைக்கல்) தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பள்ளம் 2 மி.மீ.க்கு மேல் ஆழமானால் அங்கேயே புதுத் துளை போட வேண்டும். தொட்டியை ஈரமணல் மேல் கவிழ்த்து, அடி முழுக்க மணல் தாங்கும்படி அமுக்கி வையுங்கள். துளை இடத்தில் டேப் ஒட்டி, சுற்றிலும் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் நிரப்புங்கள். 12 மி.மீ. டைமண்ட் பிட், குறைந்த வேகம். டிரில்லின் ஹேமர் (இடித்துத் துளைக்கும்) மோடு கண்டிப்பாக வேண்டாம், தொட்டி இரண்டாகிவிடும். பிட்டைச் சாய்த்துத் தொடங்கி, பள்ளம் பிடித்ததும் நிமிர்த்துங்கள். கடைசி 2 மி.மீ.யில் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அப்படியும் உள்பக்கம் கொஞ்சம் சில்லு பெயர்ந்தால் கவலை இல்லை, தண்ணீர் இறங்க அது நல்லதுதான். சுவரிலிருந்தும் பழைய ஓட்டையிலிருந்தும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். குறைந்த சூட்டில் சுட்ட சிவப்பு மண் தொட்டியானால் சுவர் பிட்டே போதும்: 4, 6, 8 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

கால் இல்லாத தொட்டி தரையோடு ஒட்டிக்கொண்டால் எத்தனை ஓட்டை இருந்தும் பயனில்லை. 8 மி.மீ. கனமுள்ள டைல்ஸ் துண்டு நான்கை, ஒட்டும் பக்கம் சொரசொரப்பாக்கி, அரால்டைட்டில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேர் அழுகினால் குற்றம் மண்கலவையில். அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பும் பழக்கம் நம் ஊரில் போவதாக இல்லை, ஆனால் அது கெடுதல். எந்த மண்ணும் தன் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் எவ்வளவு பொடியோ அந்த ஈர அடுக்கு அவ்வளவு உயரம். 5 செ.மீ. ஆழத் தொட்டியில் சில்லு பரப்பினால் ஈரம் அதற்கு மேலே ஏறி வேரோடு நிற்கும். மேலிருந்து கீழ் வரை ஒரே கலவை போடுங்கள்: 3 முதல் 6 மி.மீ. வரை சலித்த செங்கல் சில்லு, தூசி போகக் கழுவியது. சேலம் வெயிலுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு இலைமக்கு சேர்க்கலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் ஐப்பசி மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் மண் காய நாளாகும். அங்கே பத்தில் ஒரு பங்கே அதிகம். கீழே நன்றாக இருந்த மரம் மேலே போனதும் வாடினால் தொட்டியைத் திட்ட வேண்டாம். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சில்லு மட்டும் எங்கேயும் சேர்க்காதீர்கள், மண்ணின் காரத்தன்மை ஏறும்.

ஓட்டை மேல் கொசுவலை போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 3 மி.மீ. கண் உள்ள பிளாஸ்டிக் வலையை அலுமினியக் கம்பியால் கட்டுங்கள். போர் தண்ணீரால் வலையில் வெள்ளை உப்பு படிந்திருந்தால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

புதிதாகச் செய்யச் சொல்பவர்கள் குயவரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். மண் சுமார் பத்து சதவீதம் சுருங்குமானால், 20 மி.மீ. ஓட்டை வேண்டுமென்றால் ஈரத்தில் 22 வெட்ட வேண்டும். அடித்தட்டு ஓட்டையை நோக்கி 2 மி.மீ. சரிய வேண்டும்.