ஆதி தாளம் போடத் தெரிந்த கைக்கு ஜாஸ்

சாமராஜப்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் ராமநவமிக் கச்சேரி கேட்டுப் பழகிய பெங்களூர்த் தமிழரின் காதுக்கு, ஜாஸ் முதலில் வெறும் அலைச்சலாகத்தான் படும். தம்புரா இல்லாததுதான் காரணம். நம் காது எந்த இசையிலும் முதலில் ஸட்ஜத்தைத் தேடுகிறது. பெரும்பாலான ஜாஸ் பாட்டுகளில் அடியிலுள்ள கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) இரண்டு அல்லது நான்கு அட்சரத்துக்கு ஒருமுறை மாறிவிடும். ஆதார ஸ்வரமே நகர்ந்துகொண்டிருப்பதுபோல் தோன்றுவதால் காது சோர்ந்துபோகிறது. அதனால், ஸட்ஜம் வெகுநேரம் அசையாமல் நிற்கும் ஜாஸில் தொடங்குங்கள். 1920களில் தொடங்கி ஆண்டு வரிசையில் கேட்கச் சொல்லும் பட்டியல்கள் பிறகு உதவும், இப்போது வேண்டாம்.

முதலில் கேட்கும் கருவி. போன் ஸ்பீக்கர் உதவாது. டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது. ஜாஸில் தாளத்தைச் சுமப்பது பேஸ்தான். அது கேட்காவிட்டால் மிருதங்கம் வராத கச்சேரியைக் கேட்பதுபோல ஆகிவிடும். சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டாலும் இதே கதை, எஞ்சின் உறுமல் பேஸை விழுங்கிவிடும். இரவில் வீட்டில், இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஒற்றைக் காதில் மாட்டினால் பாதிக் குழு காணாமல் போகும், ஏனென்றால் அந்தக்கால ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை இடம், வலம் என்று நன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஆப்பில் ஷஃபிளையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டோடு குழைக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள்.

முதல் வாரம் முழுக்க ஒரே பாட்டு போதும்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் முதலில் வரும் 'ஸோ வாட்'. 1959-இல் நியூயார்க்கில் பதிவானது, ஒன்பது நிமிடத்துக்குச் சற்று அதிகம். இதன் ஸ்வர வரிசையை ஜாஸ்காரர்கள் டோரியன் என்பார்கள். D என்ற மேற்கத்திய ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள், கரகரப்ரியாவின் ஆரோகண அவரோகணமேதான். கமகம் கிடையாது, ராகமாகவும் அதை நடத்தமாட்டார்கள். ஆனாலும் காதுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

முதல் தடவை எதையும் எண்ணாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை கையில் ஆதி தாளம் போடுங்கள். ஆரம்பத்தில் சுமார் அரை நிமிடம் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் வாசிக்கும், அது வரை கை சும்மா இருக்கட்டும். பிறகு பேஸ் ஒரு வாக்கியம் சொல்ல, இரண்டு கார்டில் பதில் வரும். முதலில் பதில் சொல்வது பியானோ, நான்கு ஆவர்த்தனம் கழித்து ஊதுபவர்களும் சேர்ந்துகொள்வார்கள். இதுதான் மெட்டு, ஜாஸ்காரர்கள் ஹெட் என்பார்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. ஒரு பார் நான்கு அட்சரம், ஒரு முழுச் சுற்று 32 பார். நம் கணக்கில் 16 ஆவர்த்தனம் ஆதி தாளம். முதல் எட்டு ஆவர்த்தனம் ஒரே ஸட்ஜம். ஒன்பதாவதில் எல்லாமே ஒரு ஸ்வரஸ்தானம் மேலே ஏறும். நான்கு ஆவர்த்தனம் அங்கே இருந்துவிட்டு, கடைசி நான்குக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். இந்தச் சுற்றுக்குப் பெயர் கோரஸ். ஒன்றரை நிமிடம் அளவில் மைல்ஸின் டிரம்பெட் தனியாகப் புறப்படும், இதுதான் ஸோலோ. அவருக்கு இரண்டு கோரஸ். பின் இடது காதில் ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன், வலது காதில் கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ, முடிவில் பில் எவன்ஸின் பியானோ. நால்வர் வாசிப்பதும் அதே 16 ஆவர்த்தனத்தின் மேல்தான்.

இங்கே எல்லோருக்கும் கணக்கு நழுவும். வாசிப்பவரின் வாக்கியங்களோடு கையும் போய்விடுவதுதான் காரணம். அவர் வேண்டுமென்றே சமத்தைத் தாண்டி வாக்கியத்தை முடிப்பார். அவரை விட்டுவிட்டுப் பால் சேம்பர்ஸின் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸோலோக்களில் அது பெரும்பாலும் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும். அதுவும் நழுவினால் பதற வேண்டாம். ஸட்ஜம் மேலே ஏறும் இடம் தெளிவாகக் கேட்கும், அதை ஒன்பதாம் ஆவர்த்தனமாக வைத்து மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாம் தடவை டிரம்ஸ் மட்டும். காலால் மிதிக்கும் ஹை-ஹாட் ஜால்ராவின் 'ட்சிக்' இரண்டாம், நான்காம் அட்சரங்களில் விழும். உங்கள் கையில் அது சுண்டுவிரலிலும் நடுவிரலிலும், பிறகு இரண்டு வீச்சிலும் வந்து உட்காரும். தட்டில் அல்ல. நாம் அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தை ஜாஸ் லேசாக விட்டுவிட்டு அடுத்த அட்சரத்தில் எடை வைக்கிறது. கச்சேரியில் ஒன்று, மூன்றில் கைதட்டினால் பாட்டு கனத்துப்போவது இதனால்தான்.

இரண்டாம் வாரம் அதே ஆல்பத்தின் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. இது ப்ளூஸ், 12 பார், அதாவது ஆறு ஆவர்த்தனம். மூன்றாம் ஆவர்த்தனத் தொடக்கத்தில் ஆதாரம் மத்யமத்துக்கும், ஐந்தாவதில் பஞ்சமத்துக்கும் நகரும். ஆதாரம் நகர்வதற்குக் காதைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. கூடவே ஆர்ட் பிளேக்கி குழுவின் 'மோனின்' (1958). பியானோ ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் பஜனைக் கோஷ்டிபோல ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அது உடனே பிடித்துப்போகும்.

மூன்றாம் வாரம், ஒரே பாட்டைப் பலர் வாசித்துக் கேட்பது. ஒரே கீர்த்தனையை நாலு பேர் பாடிக் கேட்ட நமக்கு இது புதிதல்ல. 'ஆட்டம் லீவ்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். நாட் கிங் கோல் பாடியதைக் கேட்டு மெட்டை மனப்பாடம் செய்யுங்கள், முனகும் அளவுக்கு. அடுத்து கேனன்பாலின் 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தில் உள்ளது. நீண்ட முன்னுரை முடிந்து மைல்ஸ் மெட்டைத் தொட்டதும், நீங்களும் மனதுக்குள் அதைப் பாடிக்கொண்டே இருங்கள், ஸோலோ வந்தாலும் நிறுத்தாமல். அடியில் மெட்டு ஓட, மேலே அவர்கள் எதை மாற்றுகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்தது கடைசியில். அங்கே பேஸ் பல இடங்களில் நடப்பதை விட்டுவிட்டுப் பியானோவோடு பேசும், அதனால் கணக்குப் பிடிப்பது கடினம்.

இடையில் ஆசைக்கு 'டேக் ஃபைவ்' கேட்கலாம், ஐந்து அட்சரம். கண்டசாபு போட்டால் கை முரண்டும். கண்டசாபு 2+3, இதுவோ 3+2. முதல் அட்சரத்திலும் நான்காவதிலும் தட்டுங்கள். சார்லி பார்க்கரின் 1945 'கோ-கோ'வைத் தள்ளி வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 300 அட்சர வேகம் அது. முதலில் அதைப் போட்டுவிட்டு ஜாஸே வேண்டாம் என்று போனவர்கள் பலர்.

அடுத்து எதைக் கேட்பது என்று ஆப்பைக் கேட்காதீர்கள். 'படிக்கும்போது கேட்க ஜாஸ்' மாதிரித் தொகுப்புகள் காதைத் தூங்கவைக்கும். பக்கவாத்தியக்காரர் யாரென்று பாருங்கள், பிடித்தவரின் சொந்த ஆல்பத்துக்குப் போங்கள். எவன்ஸ் பிடித்தால் 1961-இன் 'வால்ட்ஸ் ஃபார் டெபி', கோல்ட்ரேன் பிடித்தால் 'மை ஃபேவரிட் திங்ஸ்'. மறுவெளியீடுகளில் ஒரே பாட்டின் மாற்றுப் பதிவுகளும் ஒட்டியிருக்கும். மூல ஆல்பத்தோடு நிறுத்திவிடுங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்றால் ஐந்து பாட்டு.

நம்மூர்ச் சம்பந்தமுள்ள ஆல்பமும் ஒன்று உண்டு. சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடன் செய்த 'ஜ்யோதி' (1983). ஆர்.ஏ. ராமமணியின் குரலும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று தொடர்வதைக் கேட்டுப்பாருங்கள்.

ஒரு மாதம் ஆனதும் நேரில் போங்கள். ஒயிட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ் போன்ற இடங்களில் உட்கார்ந்து கேட்கும்படியான ஜாஸ் கச்சேரிகள் நடக்கின்றன. பேஸ் வாசிப்பவரின் விரல்கள் தெரியும் இடமாகப் பாருங்கள். ஒவ்வொரு ஸோலோ முடிவிலும் கைதட்டுவது வழக்கம். டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கும் கட்டம் பெரும்பாலும் கடைசியில் வரும். ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், கையில் எண்ணிவிடலாம். அப்போது யாராவது தன் தலையைத் தட்டிக் காட்டினால், அடுத்த கோரஸின் தொடக்கத்தில் மெட்டுக்குத் திரும்பப் போகிறார்கள் என்று பொருள்.