கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனரை மீண்டும் ஓடவைத்தல்

பல வருடம் ஓடாமல் நின்ற மொறிஸ் மைனர் கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் முதலில் கை போகிற இடம் எஞ்சின்தான். பற்றரியைக் கொழுவி ஒருக்கா அடித்துப் பார்ப்போம் என்பார்கள். அந்த வேலையைக் கடைசிக்கு வையுங்கள். 948 சிசி ஆனாலும் 1098 சிசி ஆனாலும் இந்த எஞ்சின் நிறையப் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதவை இரண்டு: முன் சில்லைத் தாங்கும் ட்றனியன், தரைத்தட்டுக்குக் கீழே இருக்கும் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர். இவை சரியாகும்வரை கார் வளவை விட்டு வெளியே போகக்கூடாது.

முன்பக்கத்தைச் சசியில் ஜக் வைத்துத் தூக்கி, ஸ்ராண்டில் இருத்துங்கள். முன் சில்லு திரும்பும் நிமிர்ந்த அச்சான கிங் பின்னின் கீழ் முனையில் புரி வெட்டியிருக்கும்.  அந்தப் புரியில் ஏறி, கீழ்க் கையின் நுனியில் கிறீஸ் நிப்பிளோடு தெரியும் இரும்புத் துண்டுதான் ட்றனியன். முன் ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரின் விசை முழுவதையும் அந்தப் புரிகளே தாங்குகின்றன. கிறீஸ் போகாவிட்டால் புரி தேயும், தேய்ந்தது வெளியே தெரியாது, ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது சில்லு மடிந்து காருக்குள் போய்விடும். சோதிக்க, ரயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்புங்கள். இன்னொருவர் ட்றனியனில் விரலை வைத்துப் பார்க்கட்டும். கிங் பின்னுக்கும் ட்றனியனுக்கும் இடையே மேல்கீழ் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்த புரி புதியதையும் அரித்துவிடும். இடது, வலது பக்கங்களின் புரி வெவ்வேறு திசை. வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள். பூட்டும்போது முழுவதும் ஏற்றிவிட்டு, ஸ்ரியறிங் இரு பக்கமும் தடையின்றி முழுதாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள்.

கிறீஸ் அடிப்பதிலும் ஒரு முறை உண்டு. சில்லு நிலத்தில் இருக்க அடித்தால் பாரம் அழுத்துகிற பக்கத்துப் புரிக்குள் கிறீஸ் போகாது. தூக்கிவைத்து, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் முந்தி. நிப்பிள் அடைபட்டிருந்தால் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். அதன் விலை ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது பிறேக். நான்கு சில்லுக்கும் ஒரே சுற்று. எங்கே ஒழுகினாலும் மிதி நேராக நிலத்துக்குப் போகும். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சசிப் பெட்டிக்குள் இருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடி கம்பளத்துக்குக் கீழே மறைந்திருப்பதால் பலர் வருடக்கணக்கில் அதைத் திறப்பதே இல்லை. கழற்றுவது கரைச்சலான வேலை: பிடித்திருக்கும் போல்ட்டுகளை இழுக்க டோர்ஷன் பார் வழிமறிக்கும். ஒருமுறை கழற்றினால் திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை மற்றப் பக்கத்தால் போட்டுவிடுங்கள். அடுத்தமுறை பாரைத் தொடாமல் எடுக்கலாம்.

நீண்டகாலம் நின்ற காரில் சிலிண்டர்களின் உட்சுவரில் கறள் குழி விழுந்திருக்கும். குழி விழுந்த சிலிண்டருக்குப் புது றப்பர் போடுவது வீண், சில வாரத்தில் ஒழுகும். முழுச் சிலிண்டரையும் மாற்றுங்கள். முன் டிறம் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சிலிண்டர், பின் டிறம்களில் ஒவ்வொன்று. வளையும் குழாய்கள் மூன்று: முன்னே இரண்டு, பின்னே ஒன்று. வெடிப்புத் தெரியாவிட்டாலும் மூன்றையும் மாற்றுங்கள், ஏனெனில் அவை உள்ளே வீங்கி அடைபட்டால் பிறேக் பிடித்தபடியே நிற்கும். றப்பர்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக்கூடாது, ஊதிப்போகும். பிறேக் எண்ணெய் மட்டுமே. பிறேக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை எடுக்கும்போது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்திலிருந்து கிட்ட வாருங்கள். மிதி பஞ்சாக இருந்தால் முதலில் பிறேக் லைனர்களை டிறத்துக்கு நெருக்கிவிட்டு மீண்டும் எடுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

இனி எஞ்சின். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடியைக் கொடுத்துக் கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள். எஞ்சின் ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றுங்கள்: 20டபிள்யூ-50, ஏறக்குறைய 3.7 லீற்றர். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீற்றர். எட்டு வால்வுகளை முன்னிருந்து எண்ணி, ஒன்று முழுதாகத் திறந்திருக்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வரும் வால்வைச் சரிசெய்யுங்கள்: எட்டாவது திறந்திருக்க முதலாவது, ஆறாவது திறந்திருக்க மூன்றாவது. டிஸ்ரிபியூற்றரின் பொயின்ற் இடைவெளி 0.38, பிளக் 0.64 மில்லிமீற்றர். எரியும் ஒழுங்கு 1-3-4-2, முதலாம் சிலிண்டர் ரேடியேற்றர் பக்கம்.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது இந்தப் பழைய கார்கள், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் தட்டாமலிருக்க அப்போது ரைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். அதை அப்படியே விட்டால் பெற்றோலில் இழுவை இருக்காது, சூடும் ஏறும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து றிங், பெயாரிங் இரண்டையும் தேய்த்திருக்கும். சிலிண்டர்களின் அழுத்தத்தை, அதாவது கொம்பிறஷனை, பார்த்துவிட்டுத்தான் பணம் செலவழிக்க இறங்குங்கள்.

பற்றரியில் கவனம். இந்தக் கார்களில் நேர் முனைதான் பொடியோடு இணைகிறது. மாற்றப்பட்ட கார்களும் உண்டு. எனவே பழைய வயரைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கொழுவுங்கள். பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் சில தடவை தட்டி நின்றால் நல்லது. நிற்காமல் தட்டினால் பெற்றோல் தாங்கி வெறுமை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் அதன் பொயின்ற் கறுத்திருக்கும். எஸ்யூ காபரேற்றரின் மேல் மூடியைத் திறந்து, உட்குழாய்க்குள் மெல்லிய ஒயில் விடுங்கள். அது இல்லாவிட்டால் மிதித்தவுடன் எஞ்சின் மூச்சடைக்கும். பிளக் இல்லாமலே ஸ்ராற்றரைச் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பின்னர் பிளக் பூட்டுங்கள்.

பொடியில் பெயின்ற்றை நம்பாதீர்கள். ஸ்குறூ டிறைவரால் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழுள்ள சில், டோர்ஷன் பார் பிடிக்கும் குறுக்குச்சட்டம், பின் ஸ்பிறிங் கொழுவும் இடம். கதவுக்குக் கீழுள்ள அந்தச் சில் தகட்டை வெட்டி ஒட்டும்போது கதவுகளைப் பூட்டியபடியே வைத்திருங்கள். கதவைக் கழற்றிவிட்டு ஒட்டினால் பொடி தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் மூடாது.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீற்றர் போதும். நிறுத்தியதும் நான்கு டிறம்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிறேக் விடவில்லை. 80 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.