திரையில் 6300, கையில் ஒன்றும் இல்லை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் பைத்தான் என்னும் கணினி மொழி படிக்க வந்து உட்காருவார்கள். சொந்தமாக ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்) எழுத ஆரம்பித்ததும் வருஷா வருஷம் அதே தவறுகள்தான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம், ரிட்டர்ன் போட வேண்டிய இடத்தில் பிரிண்ட் போடுவது. ரிட்டர்ன் விடையை அழைத்த இடத்துக்குத் திருப்பித் தரும்; பிரிண்ட் திரையில் காட்டுவதோடு சரி. 'நண்டு_தொகை' என்று ஒரு ஃபங்ஷன். (பைத்தான் 3இல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஃபங்ஷனைத் தொடங்கும் டெஃப், ரிட்டர்ன் போன்ற சொற்களுக்குத்தான் ஆங்கிலம் வேண்டும்.) கிலோவையும் விலையையும் வாங்கிப் பெருக்கி, பிரிண்ட் செய்கிறது. 18 கிலோ, 350 ரூபாய் என்றால் திரையில் 6300. பையனுக்குச் சந்தோஷம். அப்புறம் இரண்டு வல்லங்களின் (நாட்டுப்படகுகளின்) தொகையைக் கூட்டப் போகிறான். இரண்டு எண்களும் திரையில் வருகின்றன, உடனே டைப் எரர் என்ற பிழைச் செய்தி. "அண்ணே, 6300 கண்ணுக்குத் தெரியுதே!"

தெரியும்தான். ஏலத்தில் விலையைக் கூவினால் கரைக்கே கேட்கும். அதனால் பணம் கைக்கு வந்துவிடுமா? ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் திருப்பித் தருவது 'நன்' (None), அதாவது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையோடு ஒன்றுமில்லையைக் கூட்டச் சொன்னால் பைத்தான் மறுத்துவிடும்.

ரிட்டர்ன் போடத் தெரிந்தவர்கள் அதை, ஒவ்வொரு வல்லத்துக்கும் அதே வரிகளைத் திரும்ப ஓட்டும் ஃபார் லூப்புக்குள் தள்ளி எழுதிவிடுவார்கள். முதல் வல்லத்தோடு கணக்கு முடிந்துவிடும். எரரும் வராது, அதுதான் வம்பு.

கிலோவையும் விலையையும் இடம் மாற்றிக் கொடுப்பதும் இப்படித்தான். வெறும் பெருக்கல் வரைக்கும் மாட்டாது. கிலோவுக்கு 5 ரூபாய் ஐஸ் செலவு கழிக்கும் வரியைச் சேர்த்துப் பாருங்கள்: 18 கிலோவுக்கு 6210 வர வேண்டியது, 350 கிலோவை 13 ரூபாய்க்கு விற்ற கணக்கில் 4550 ஆகிவிடும். அழைக்கும்போதே 'கிலோ=18, விலை=350' என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

என்னையே ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டது இன்னொன்று. 'மீன்_சேர்(மீன், கூடை=[])' என்று எழுதியிருந்தேன்; அழைப்பவர் கூடை தராவிட்டால் வெற்றுக் கூடை (வெற்றுப் பட்டியல்) என்று பொருள். முதல் அழைப்பில் கணவாய் போட்டேன், சரி. அடுத்த அழைப்பில் வேறொரு படகுக்கு நகரை போட்டால், கூடையில் கணவாயும் கிடக்கிறது! அந்த வெற்றுக் கூடை டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறைதான் பின்னப்படுகிறது. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக வருவதில்லை. 'கூடை=நன்' என்று வைத்துவிட்டு, உள்ளே நன்னாக இருந்தால் அங்கேயே புதுக் கூடை எடுத்துக்கொண்டேன். நகரை தனியாக வந்தது.