லண்டனுக்குப் புதுசா வாறாக்களுக்கு: வயித்துப்புண் மாறாமல் இழுபட்டால்

நான் லீவில கொக்குவில் வந்து நிக்கிறன். பக்கத்து வீட்டுப் பெடியன் வாற கிழமை லண்டனுக்கு வெளிக்கிடுறான், நேத்து சூட்கேஸ் அடுக்கேக்க நானும் கூட இருந்தனான். வறுத்துத் திரிச்ச தூள், ஒடியல் மா, அதுக்கு மேல ஒரு சொப்பிங் பாக் நிறையக் குளிசை, பனடோல், வயித்து அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல், அதுக்குள்ள நாரி நோவுக்கெண்டு நாலு அட்டை டைக்ளோபெனாக். போன வருசம்தான் அவனுக்குப் பெரியாஸ்பத்திரியில கமரா விட்டுப் பாத்து வயித்தில புண் எண்டு சொன்னவை. அந்த அட்டையளைக் கண்டோடன லண்டனில என்ர முதல் ரெண்டு வருசமும் கண்ணுக்கு முன்னால வந்திட்டுது, அதுதான் இதை எழுதுறன்.

வந்து இறங்கினோடன ஜீபியிட்ட, அதாவது அந்த ஏரியாக் குடும்ப டொக்டரிட்ட, பதிஞ்சு போடுங்கோ. இங்கிலாந்தில ஜீபியிட்டப் பதிய விசாவோ அட்ரஸ் புறூஃபோ கட்டாயமில்லை, அகதி வழக்குப் போட்டிருக்கிற பிள்ளையளும் பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு பதியேக்கயே கேளுங்கோ, காசில்லை. சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் அம்மான்ர வயித்து நோவை மொழிபெயர்க்க விடாதேங்கோ.

டொக்டரிட்டப் போய் "காஸ்ட்ரிக்" எண்டு சொல்லாதேங்கோ. நாங்கள் ஊரில ஏப்பத்துக்கும் அதுதான், நெஞ்செரிவுக்கும் அதுதான், உண்மையான புண்ணுக்கும் அதுதான், ஆனா அங்க இருக்கிற டொக்டருக்கு அது ஒண்டையும் விளங்கப்படுத்தாது. எந்த இடத்தில நோகுது, சாப்பிட்டாக் கூடுதா குறையுதா, இரவு நித்திரையால எழுப்புதா, எத்தினை கிழமையா இருக்கு, இப்பிடிச் சொல்லுங்கோ.

உறைப்பாலதான் புண் வருது எண்டு எங்கட சனம் இன்னும் நம்புது. உறைப்பு எரிவைக் கூட்டும், ஆனா பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ரெண்டுதான், ஒண்டு ஹெலிகோபக்டர் பைலோரி எண்ட கிருமி, மற்றது நோக்குளிசையள். அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்ச பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல நோபல் பரிசு குடுத்தவை, மார்ஷல் 1984இல அந்தக் கிருமியைத் தானே குடிச்சு வருத்தம் வரப்பண்ணிக் காட்டினவர். கிருமி இருக்கோ எண்டு மூச்சை ஊதியோ மலத்தைக் குடுத்தோ பாப்பினம். இதில எங்கட ஆக்கள் விடுற பிழை என்னெண்டால் ஊரில இருந்து கொண்டுவந்த ஒமிப்ரசோலைப் போட்டுக்கொண்டே ரெஸ்ற்றுக்குப் போறது, அப்ப கிருமி இருந்தாலும் இல்லையெண்டு வந்திடும். ஒமிப்ரசோல் ரெண்டு கிழமையும் அன்ரிபயோற்றிக் நாலு கிழமையும் எடுக்காமல் இருந்திருக்கோணும், டொக்டரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் நிப்பாட்டுங்கோ.

கிருமி இருந்தா வழமையா 7 நாள், காலமையும் பின்னேரமும், ரெண்டு அன்ரிபயோற்றிக்கும் ஒமிப்ரசோல் மாதிரி ஒண்டும் தருவினம். வயித்தைப் பிரட்டும், வாய் கசக்கும், அதுக்காக மூண்டாம் நாள் விட்டிடாதேங்கோ, பாதியில விட்டாக் கிருமி சாகாமல் அந்த மருந்துக்குப் பழகியும் போயிடும். ஊரில முதலே என்ன அன்ரிபயோற்றிக் எடுத்தனீங்கள் எண்ட பேர் அங்க சரியா உதவும், ஒருக்கா எடுத்ததையே திருப்பித் தந்தா வேலை செய்யாமல் போகலாம். அதால கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்ட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கோ. ஒமிப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடோணும், சாப்பிட்டு முடிச்சுப் போட்டுப் பலனில்லை எண்டு சொல்லுறாக்கள்தான் கனபேர்.

என்ர கதைக்கு வாறன். நான் எட்டுக் கிழமை ஒழுங்காக் குளிசை போட்டனான், ரெண்டாந்தரம் கமரா விட்டுப் பாக்கேக்க புண் அப்பிடியே கிடந்தது. வேற ஏதும் மருந்து எடுக்கிறியோ எண்டு ஒவ்வொருக்காவும் கேட்டவை, இல்லையெண்டுதான் சொன்னனான். பொய் சொல்லேல்லை, டொக்டர் எழுதித் தந்தாத்தானே நாங்கள் அதை மருந்தெண்டு நினைக்கிறது. கடைசியா ஒரு நேர்ஸ், வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பாக்கில போட்டுக்கொண்டு வா எண்டா. மேசையில கொட்டினன். அவ ஒவ்வொரு அட்டையாத் திருப்பிப் பாத்து, பாதி முடிஞ்சு விளிம்பு கசங்கிப்போன ஒரு அட்டையை மட்டும் தனிய எடுத்து வைச்சா. நைற் ஷிஃப்ற் முடிய நாரி நோவுக்குப் போடுற ஐபுபுரோபன், கடையில சாமானோட சாமானா வாங்கினது. அதை விட்டு, சிகரெட்டையும் விட்டு, அடுத்த கமராவில புண் ஆறியிருந்தது. டைக்ளோபெனாக், அஸ்பிரின் எல்லாம் அதே இனம்தான். ஆனா இருதயத்துக்கு டொக்டர் தந்த அஸ்பிரினை நீங்களா நிப்பாட்டக் கூடாது, அவையிட்டக் கேளுங்கோ.

இரைப்பையில புண் எண்டால் ஆறு எட்டுக் கிழமையில திருப்பிக் கமரா விட்டுப் பாப்பினம். நோ இல்லையெண்டு போகாமல் விடாதேங்கோ, சில நேரம் புற்றுநோய் புண் மாதிரித்தான் தெரியும், அதுக்குத்தான் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது. கிருமி போயிட்டுதோ எண்டும் மருந்து முடிஞ்சு குறைஞ்சது நாலு கிழமை பொறுத்து ஒருக்காப் பாக்கோணும்.

தார் மாதிரி ஒட்டுற கறுப்பு மலம், ரத்தம் இல்லாட்டி கோப்பித்தூள் மாதிரிச் சத்தி, திடீரெண்டு தாங்கேலாத வயித்து நோ எண்டால் உடன 999க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்கோ. சாப்பாடு விழுங்கேலாமல், உடம்பு மெலிஞ்சுகொண்டு போனா ஜீபியிட்ட அவசரம் எண்டு சொல்லுங்கோ.

பெடியன்ர தாய் டைக்ளோபெனாக்கை எடுத்து வைச்சிட்டா. கிளினிக் கொப்பி அலுமாரியில சீலையளுக்குக் கீழ கிடந்தது, எல்லாப் பக்கத்தையும் ஃபோனில படம் எடுத்துப்போட்டுக் கைப்பாக்கில வைச்சிருக்கிறம்.