பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் முன்: புட்டி, எடை, வயது, ஈரல்

இரவு பதினொன்றரைக்குப் பிள்ளை உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது யாரும் கணக்குப் போட மாட்டார்கள். ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும் பாரசிட்டமால் புட்டியை எடுத்து, "பெரியவனுக்குப் போன தடவை ஒரு மூடி கொடுத்தோமே" என்று பாலாடையில் ஊற்றிப் புகட்டிவிடுவோம். எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். அதனால் இதைப் பகலிலேயே படித்து வையுங்கள்.

முதலில் புட்டி. பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள், கீழே பொடி எழுத்தைப் பாருங்கள். ஒரே பாரசிட்டமால் நம் கடைகளில் பல அடர்த்தியில் கிடைக்கிறது: 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சாதா சிரப், 5 மில்லியில் 240 அல்லது 250 மி.கி. உள்ளது, அப்புறம் 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும் டிராப்ஸ். அடுத்தது எடை. ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. என்றால், 120 போட்ட சிரப்பில் 6 மில்லிக்குக் கொஞ்சம் மேல், 250 போட்டதில் 3 மில்லி, டிராப்ஸில் வெறும் ஒன்றரை மில்லி. டிராப்ஸை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 மி.கி., அதாவது நாள் முழுக்கத் தர வேண்டியதில் பெரும்பகுதி ஒரே மடக்கில் போய்விடும். பாலாடை புகட்டத்தான், அளக்க அல்ல. அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டி ஒருமுறை அப்பா ஒருமுறை என்று இரண்டு தடவை உள்ளே போகும். சளி சிரப் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

ஏன் அப்படி என்று கேட்டால், காய்ச்சலுக்கான காரணம் ஒரு பக்கம், ஈரல் இன்னொரு பக்கம். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் தட்டி நீல விளக்கில் வைப்பார்களே, அது ஈரல் இன்னும் முழுசாக வேலையில் சேரவில்லை என்பதன் அடையாளம். வேண்டாத பொருளோடு சர்க்கரை அமிலம் ஒன்றை ஒட்டி வெளியே அனுப்பும் நொதிகள் பிறக்கும்போது மிகக் குறைவு. அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை அனுப்புவதும் அந்தக் குடும்பம்தான், மருந்துகள் பலவற்றை அனுப்புவதும் அதுதான். 1950களில் இது புரியாமல் பச்சிளங்குழந்தைகளுக்குக் குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து வெளியேறாமல் உடம்பில் சேர்ந்து, தோல் சாம்பல் நிறமாகி, ரத்த அழுத்தம் விழுந்து குழந்தைகள் இறந்தன. 1959இல்தான் காரணம் பிடிபட்டது. பாரசிட்டமால் பாடு தேவலாம்: பிறந்த குழந்தை அதைக் கந்தகம் ஒட்டி அனுப்பும் வேறொரு வழியில் சமாளிக்கிறது, வளர வளரத்தான் சர்க்கரை அமில வழி முந்திக்கொள்கிறது.

நொதிகள் எல்லாம் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை என்பதுதான் இதில் குழப்பமே. கருவில் இருக்கும்போது சைட்டோகுரோம் 3ஏ7 என்ற ஒன்று ஓடுகிறது. பிறந்ததும் அது மெல்ல ஒதுங்கி, பெரியவர்களிடம் இருக்கும் 3ஏ4 முதல் ஒரு வருடத்தில் இடத்தைப் பிடிக்கிறது. காபியைக் கரைக்கும் 1ஏ2 இன்னும் சோம்பேறி. நாம் குடித்த ஃபில்டர் காபியின் கஃபைன் ஐந்து மணி நேரம்போல ஆனால் பாதியாகிவிடும், பிறந்த குழந்தைக்கு மூன்று நான்கு நாள் ஆகும். குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட மறக்காமல் இருக்கக் கஃபைனையே மருந்தாகத் தருகிறார்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஒருமுறை போதும், காரணம் இதுதான். பால் கொடுக்கும் அம்மாக்கள் நாலாவது டம்ளரை யோசித்துக் குடியுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் டாக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்கு அப்புறம் கதை தலைகீழ். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளையின் ஈரல் பெரிது, நொதிகளும் வந்தாயிற்று, அதனால் சில மருந்துகளைக் கிலோ கணக்கில் பெரியவரைவிட வேகமாகத் தீர்த்துவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் அப்படி ஒன்று. "இத்துனூண்டு பிள்ளைக்கு இவ்வளவா" என்று பயந்து, பெரியவருக்கு ஒன்று பிள்ளைக்குப் பாதி என்று நீங்களாகக் குறைத்தால் வலிப்பு திரும்பிவிடும். பருவ வயதில் வேகம் இறங்கிப் பெரியவர் கணக்குக்கு வரும், அப்போது அளவை மாற்றுவதும் டாக்டர் வேலை. அதே பாதிக் கணக்கை பாரசிட்டமால் 650 மி.கி. மாத்திரையில் போட்டால் 325 வருகிறது. 30 கிலோ பிள்ளைக்குச் சரி, 20 கிலோ பிள்ளைக்கு எல்லை தாண்டுகிறது. பொருந்தினால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

சில மருந்துகளுக்கு அளவே பார்க்க வேண்டாம், 12 வயதுக்குள் தொடாதீர்கள்: நிமசுலைடு (ஈரலைக் கெடுக்கும் என்பதால் 2011இல் இந்தியாவில் பிள்ளைகளுக்குத் தடை), கோடீன் உள்ள இருமல் சிரப் (சிலர் ஈரல் அதை அதிவேகமாக மார்ஃபினாக்கி மூச்சையே நிறுத்தும்).

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு ஈரலுக்குள் விஷமாக மாறும், அதைக் குளூட்டாதயோன் என்ற பொருள் அணைத்துவிடும். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக் கிடக்கும் பிள்ளையிடம் அந்தச் சரக்கு குறைந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அளவைத் தாண்டித் தாண்டிக் கொடுப்பதுதான் ஆபத்து.

தவறி அதிகம் போய்விட்டதா? முதல் நாள் பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கும், அதை நம்பி விடியட்டும் என்று இருக்காதீர்கள். முறிவு மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றினால் நன்றாக வேலை செய்யும். புட்டியையும் நேரம் எழுதிய தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.