சால்சா: எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடி

சால்சா என்ற ஜோடி நடனத்தில், இசையின் எட்டு எண்ணிக்கைக்கு எடுத்து வைப்பது ஆறே காலடிதான். 4, 8 இரண்டிலும் புது அடி கிடையாது. 1-இல் தொடங்கும் பாணியில், வழிநடத்துபவர் 1-இல் இடது காலை முன்னே வைத்து, 2-இல் எடையை வலது காலுக்கு மாற்றி, 3-இல் இடது காலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். 5-இல் வலது கால் பின்னே, 6-இல் எடை இடதுக்கு, 7-இல் வலது கால் நடுவுக்கு. இணையாக ஆடுபவர் 1-இல் வலது காலைப் பின்னே வைத்துத் தொடங்குவார்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் 4-இல்தான். காத்திருக்கப் பொறுமை இருக்காது. அடுத்த அடியை அங்கேயே எடுத்துவிட்டால் தாளம் போச்சு. அடி ஒரு பாத நீளத்துக்குள் இருக்கட்டும், நீட்டி வைத்தால் வேகமான பாட்டில் நடுவுக்குத் திரும்ப நேரம் போதாது. ஓட்டக் காலணி வேண்டாம்: சுழலும்போது ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.